நான் சொன்ன சம்மதம்

நவம்பர் 3, திங்கள்

மாலையில் இடி. கரண்ட் போய்ப் போய் வந்தது. கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் பாதிகூட ஆகவில்லை.

தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் வீட்டில் எல்லாருக்கும் வாசிக்க வரும். தமிழ் அத்தாவுக்கு மட்டும்தான் ஓடும், அவர் யாருடைய நோட்டையும் தொடாதவர். அவருடைய தமிழ்ப் பேப்பரைச் சத்தமாக வாசித்துத்தான் எழுத்தே படித்தேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நிக்காஹ். மாப்பிள்ளை அன்சார். ஜமீலா மாமியின் அண்ணன் மகன், பாலக்காடு, ஷார்ஜாவில் வேலை. லீவு குறைவு, அதனால் நிக்காஹ் மட்டும் இப்போது. அழைத்துக்கொண்டு போவது அடுத்த லீவில். அக்கா அவரை ஒரே ஒரு தடவை பார்த்தாள், முன்னறையில், இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருக்கும்போது. ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று அவருடைய நம்பரைக் கேட்டாள். அம்மா இறால் உரித்துக்கொண்டே, நிக்காஹ் முடிந்தால் நாள் முழுக்கப் பேசலாமே, இப்போது என்ன அவசரம் என்றார். அக்காவுக்குக் கேட்க இரண்டு விஷயம். பி.எட். முடிக்கவிடுவாரா என்பது ஒன்று. இன்னொன்றை என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அவரை யாராச்சும் கேட்டாங்களாடி, இந்தக் கல்யாணம் வேணுமான்னு?"

நான் யோசித்ததே இல்லை.

பிறகு மாடியில் சீரீஸ். எபி. 5. ஒரு இயர்ஃபோன், ஆளுக்கு ஒரு காது.

இதை எழுதக் கை கூசுகிறது. இரண்டு ஆண்கள். ஒரு கடற்கரை ஊரில் மிருக ஆஸ்பத்திரியில் வேலை. ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். அந்த நாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை, அக்கா நெட்டையன், கண்ணாடி என்று வைத்துவிட்டாள். அவளுடைய காலேஜ் கூட்டுகாரி கொடுத்தது. முதல் நாள் நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். இப்போது இல்லை. இப்போது அவர்கள் பேசிக்கொள்வதைத்தான் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இன்று: கண்ணாடி நெட்டையனின் தோளில் கை வைக்கிறான். நெட்டையன் லேசாக ஒதுங்குகிறான். உடனே கண்ணாடி கையை எடுத்துவிட்டு, பரவாயில்லையா என்று கேட்கிறான். இன்றைக்கு வேண்டாம் என்கிறான் நெட்டையன். சரி என்று சொல்லிவிட்டு இவன் எழுந்துபோய் நூடுல்ஸ் செய்கிறான். அவ்வளவுதான். கோபம் இல்லை, முகம் தூக்கல் இல்லை.

அக்கா அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். "வேண்டாம்னு சொன்னவனுக்கும் சாப்பாடு கிடைக்குது பாரு" என்றாள். சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

நவம்பர் 5, புதன்

வெயில். தோப்பும்படி வரை போய்த் தையல்காரரிடம் அக்காவின் ஜாக்கெட். கை இறுக்கம், திருப்பிக் கொடுத்தோம்.

மாமுவும் மாமியும் வந்துவிட்டார்கள். மாமு அம்மாவின் அண்ணன். வந்த உடனே சாயா, அதற்குப் பிறகு ஒரு தூக்கம். மாமிக்குத் தூக்கம் கிடையாது. செருப்பு இல்லாமல் மாடி ஏறுவார்.

மாட்டிக்கொண்டோம். மழையில் நெட்டையனும் கண்ணாடியும் கைகோத்து நிற்கும் இடம்.

"என்னடி இது? ரெண்டு ஆம்பளைங்க கையப் பிடிச்சிட்டு?"

அண்ணன் தம்பி, மாமி, என்றேன். எங்கிருந்து வந்ததோ.

"அண்ணன் தம்பி இப்படியா பார்த்துக்குவாங்க? உங்க மாமுவும் அவரு தம்பியும் பாகம் பிரிச்சதிலேர்ந்து மூஞ்சிக்கு மூஞ்சி பார்க்கல, கேட்டியா."

அக்கா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் தப்பித்தோம் என்றே நினைத்தேன். ஆனால் மாமி படியில் என்னைத் தனியாக நிறுத்தினார். குரல் உயரவே இல்லை. நிக்காஹ் நல்லபடி முடியட்டும், முடியும்வரை அந்த ஃபோனைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன், ஏதாவது கோணலானால் நீங்கள் என்னென்ன பார்க்கிறீர்கள் என்று உன் அத்தாவிடம் நேராகச் சொல்வேன், என்றார்.

அத்தா அடிக்கமாட்டார். பேசுவதை நிறுத்திவிடுவார். அதுதான் பயம். அக்காவிடம் சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணை எதற்குப் பயமுறுத்த வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

ரெக்கார்ட் வைத்தாயிற்று. மிஸ் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வாங்க வேண்டியது: சேஃப்டி பின், மாமிக்கு அசிடிட்டி மாத்திரை, முல்லை (சொல்லியாகிவிட்டது), எனக்கு வளையல் (அம்மா மறந்துவிட்டார்).

மாமி குளிக்கப் போன நேரத்தில் எபி. 7. நெட்டையனுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. நான் கூட வரட்டுமா என்று கண்ணாடி கேட்கிறான். நெட்டையன் பதிலே சொல்லவில்லை. பேச்சில்லாமல் நேரம் போகிறது. ஃபோன் நின்றுவிட்டதோ என்று நான் தட்டப் போனேன். அப்புறம் கண்ணாடி, நீ பேசாமல் இருப்பதை நான் சரி என்று எடுத்துக்கொள்ளமாட்டேன், சொல்லத் தோன்றும்போது சொல், என்றான்.

அக்கா அங்கேயே நிறுத்திவிட்டாள். மாமுவும் சாட்சிகளும் வந்து கேட்கும்போது என்ன செய்யப்போகிறாள் என்று சொன்னாள்.

எங்களில் நிக்காஹ் ஓதுவதற்கு முன் பெண் சார்பில் வக்கீலாக ஒரு பெரியவர், கூட இரண்டு சாட்சி, பெண் இருக்கும் அறைக்கு வந்து சம்மதம் கேட்பார்கள். அவள் சம்மதித்தாள் என்று அவர்கள் போய்ச் சொன்னால்தான் கீழே உஸ்தாத் ஓதத் தொடங்குவார். இதுவரை நான் பார்த்த கல்யாணங்களில் எந்தப் பெண்ணும் வாய் திறந்ததில்லை. பக்கத்தில் இருப்பவர்கள், "ஆச்சு ஆச்சு, தலையாட்டிட்டா" என்பார்கள். முடிந்தது.

"அஞ்சு நிமிஷம் அவர்கிட்டப் பேசிட்டுச் சொல்றேன்னு சொல்லப்போறேன்" என்றாள் அக்கா.

"அதுவரைக்கும் எல்லாரும்?"

"சாயா குடிக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்லப்போகிறாயா என்று கேட்டேன். தெரியாது, பேசினால்தானே தெரியும், என்றாள். முகத்தில் பயமே இல்லை. பயம் எனக்குத்தான். அறைக்குள் அவளுடன் உட்காரப்போவது நான். வாசலில் நிற்கப்போவது மாமி.

மாமி மிரட்டியதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். வீடு முழுக்கப் பிரியாணி வாசனை, முல்லை வாசனை.

எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணி வாக்கில் மாமு வந்தார். பின்னால் சாட்சிகள். ஒருவர் அத்தாவின் மண்டிக்குப் பக்கத்துக் கடைக்காரர், இன்னொருவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். அறை நிறையப் பெண்கள். அக்கா கட்டிலில், தலையை மூடும் சரிகைத் தட்டத்தை முகவாய்க்குக் கீழே வரை இறக்கி. நான் ஒட்டி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தேன். தலைக்குத் தலை முட்டும் அளவுக்குப் பக்கத்தில்.

மாமு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மோளே ஷஹிரா, பேசின மஹருக்கு அன்சாருக்கு உன்னை நிக்காஹ் செஞ்சுகொடுக்க, உனக்குச் சம்மதமா?"

அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். என் கைக்குள் அவள் விரல்கள் இறுகின. சொல்லப்போகிறாள்.

நான் தலை தூக்கினேன். வாசலில் மாமி. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த தன் ஃபோனை ஒரு விரலால் மெல்லத் தட்டினார்.

"ம்" என்றேன்.

நான். என் வாயிலிருந்து. குனிந்து, அவள் தட்டத்துக்குப் பக்கத்தில்.

அல்ஹம்துலில்லாஹ், என்றார் மாமு. சாட்சிகள் தலையாட்டினார்கள். அவர்கள் திரும்பிய உடனே அம்மா அழுதார், யாரோ சிரித்தார்கள், யாரோ என் முதுகில் தட்டி அடுத்தது நீதான் என்றார்கள். அக்கா தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று இல்லை. மெதுவாக.

இப்போது சொல்லுவாள், இதோ சொல்லுவாள் என்று இருந்தேன். சொல்லவில்லை. கீழே ஓதி முடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தட்டத்தை அவளே தூக்கிவிட்டுக்கொண்டாள். ஃபோட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

நவம்பர் 10, திங்கள்

ஸ்கூலுக்குப் போகவில்லை. பாத்திரம் கழுவிக் கழுவி விரல் சுருங்கிப்போனது. மாமுவும் மாமியும் மத்தியான பஸ்ஸில் கிளம்பினார்கள், வைட்டிலா வரை ஆட்டோ. போகும்போது மாமி என் கன்னத்தைக் கிள்ளி, சமர்த்து, என்றார்.

அந்த இடத்தை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மாப்பிள்ளை ஃபோன் செய்தார். அம்மா பக்கத்திலேயே நின்றார். அக்கா பேசியது: ஆமா, சரி, சாப்பிட்டேன், சரி.

மதரஸாவில் படித்தது நினைவு வந்தது, பெண் வெட்கப்பட்டு மௌனமாக இருந்தால் அதுவும் சம்மதம்தான் என்று. அப்படியானால் நான் சும்மா இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இதைச் சொல்லிச் சொல்லித் தூங்கப் பார்க்கிறேன். ஆனால் அவள் மௌனமாக இருக்கப்போகவில்லை. மூச்சு இழுத்ததை நான் கேட்டேன். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

எபி. 8 வந்துவிட்டது. பார்க்கவில்லை. அவள் இல்லாமல் பார்த்தால் அது இன்னொரு தப்பு மாதிரி.

நவம்பர் 12, புதன்

மழை. கணக்கு டெஸ்ட். ஒழுங்காக எழுதவில்லை.

அக்கா கோபமாக இல்லை, அதுதான் தாங்கவில்லை. சோறு போடுகிறாள். யூனிஃபார்ம் தேய்த்துவைக்கிறாள். பேச்சு மட்டும் கிடையாது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். மாமி படியில் நிறுத்தியது, ஃபோனைத் தட்டியது, அத்தாவை நினைத்துப் பயந்தது. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்றேன். கேட்டுக்கொண்டே தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"என்கிட்டச் சொல்லியிருந்தா மாமியை நானே சமாளிச்சிருப்பேன். நீ சொல்லல. எனக்குத் தெரிய வேணாம்னு நீயே முடிவு பண்ணிட்ட."

ஆமாம்.

"அஞ்சு நிமிஷம் கேக்கப் போனேன், ரிசு. பேசிட்டுச் சரின்னே சொல்லியிருப்பேனோ என்னவோ. இனி எனக்கே தெரியாது."

அப்போதுதான் நன்றாக உறைத்தது. நான் நினைத்துக்கொண்டிருந்தது, வேண்டாம் என்று சொல்லவிருந்தவளைச் சரி என்று சொல்லவைத்துவிட்டேன் என்று. அது இல்லை. அவளிடம் ஒரு பதில் இருந்திருக்கும், அது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது. அவளுக்கும்.

அழுதேன். அத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், சீரீஸ் பார்த்தது, நான் 'ம்' சொன்னது, இப்போதே போகிறேன், என்று எழுந்தேன்.

"உக்காரு" என்றாள். "இப்பவும் என் பேச்சை நீதான் பேசணுமா?"

உட்கார்ந்தேன். அப்புறம் ரொம்ப நேரம் துணி மடித்தோம். அத்தாவின் சட்டைகளை அவள் மடிக்கும் விதம் வேறு, எனக்கு வராது.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். ஸ்கூலில் குழந்தைகள் தினம், சின்னப் பிள்ளைகளின் ஊர்வலம், ஒரு பையன் ரோஜாவைத் தின்றுவிட்டான். லட்டு கொடுத்தார்கள். பையிலேயே நசுங்கிவிட்டது.

அன்சார் மச்சான் நாளைக்கு ஷார்ஜா திரும்புகிறார். இன்று சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அக்கா அம்மாவிடம், நான் மாடியில் தனியாகப் பேசிக்கொள்கிறேன், என்றாள். அம்மா ஒரு மாதிரி பார்த்தார். கட்டிக்கொண்டவன்தானே என்று விட்டுவிட்டார்.

நான் நோட்டு எடுக்க மேலே போனேன். பொய். நோட்டு கீழேதான் இருந்தது.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அக்கா ஜன்னலோரம் நின்றபடி பேசினாள். குரல் மெல்லியதுதான், ஆனால் நடுங்கவில்லை. அவர் ஏதோ விசாரித்தார் போல. நல்லா இருக்கேன் என்று சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு மாமு வந்து கேட்டப்ப நான் ஒண்ணும் சொல்லல. அந்தச் சத்தம் என்னோடது இல்ல."

யாருடையது என்று சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்புறம் ஃபோனில் அவர் குரல், தாழ்ந்து, என்னவென்று கேட்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இல்ல, நீங்க முதல்ல சொல்லுங்க. உங்களை யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள்.

ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் அவர் பதில் கேட்டிருக்கும். கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அடுக்களையில் அம்மா அரிசிப் பத்திரி சுட்டுக்கொண்டிருந்தார். மேலே இவ்வளவு நேரம் என்ன பேச்சு, சண்டை கிண்டை போடுகிறாளா, என்று கேட்டார். ஒன்றுமில்லை அம்மா, சும்மா, படிப்பு விஷயம் என்று சொல்ல எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"அவகிட்டயே கேளுங்கம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கல்லில் பத்திரி கருகத் தொடங்கியது. அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். படிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அப்புறம் அம்மா கதவைத் தட்டினார்.

எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.