பின்னாலிருந்து வரும் ரயில்

ரிசீவர் சூடேறும்போது ஒரு மணம் வருமே, நினைவிருக்கிறதா? தூசியும் ரப்பரும் கலந்து வெதுவெதுப்பாக, இஸ்திரிப் பெட்டி துணியில் படுவதற்குச் சற்று முன்னால் வருவது போல. இன்று மத்தியானம் நம் மகன் அந்த ரிசீவரை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தான். "வேலை செய்யுதான்னு பாக்கேம்மா. இல்லன்னா பழைய சாமான்காரர்ட்ட போட்டுருவோம்" என்று சொல்லி சுவிட்சைப் போட்டான். அடுக்களை வரைக்கும் மணம் வந்தது. நான் பழக்க தோஷத்தில் உங்கள் தம்ளரில் காபியை ஊற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. மகன் என் கையைப் பார்த்தான். காபியை நானே குடித்தேன். நீங்கள் குடிக்கிற கசப்பில்தான் போட்டிருந்தேன்.

உங்கள் கண் ஒரே நாளில் போகவில்லை. முதலில் பேப்பரின் பொடி எழுத்து போயிற்று, பிறகு வாசல் படி, அப்புறம் ஆள்களின் முகம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போயிற்று, இனி இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்றார் டாக்டர். ஒரு நாள் நான் எதிரே நிற்கும்போதே "யாரு வந்திருக்கா?" என்று கேட்டீர்கள். நான்தான் என்றேன். அதோடு நீங்கள் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள். உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். எதைக் கேட்டாலும் "ம்". வேறு பேச்சு இல்லை.

ஆயுசு முழுக்க ஓடுகிற ரயிலில் நின்றுகொண்டு தபால் பிரித்தவர் நீங்கள். வீட்டுக்கு வந்தால் அந்த வண்டிக் கதை வாசலிலேயே தொடங்கிவிடும். அப்படிப்பட்டவர் வாயை மூடிக்கொண்டால் வீடு எப்படி இருக்கும்? ஒரு நாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன், திட்டுவதற்காவது வாயைத் திறப்பீர்கள் என்று. பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனீர்கள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகன் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தான். வரும்போது சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவரும் ஸ்பீக்கர் பெட்டிகளும் கொண்டுவந்தான். அவன் இங்கே விட்டுப்போயிருந்த கம்ப்யூட்டரில் டிவிடி படத் தட்டுப் போடும் வசதி வைத்து, ஒரு மஞ்சள் முனை ஒயரால் ரிசீவரோடு சேர்த்தான். முன்னால் மூன்று பெட்டி, உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இரண்டு. "எதுக்குலே இதெல்லாம்? நான் என்ன படமா பாக்கப் போறேன்?" என்றீர்கள். "பாக்க வேண்டாம்ப்பா, கேளுங்க" என்றான் அவன்.

பெட்டிகளை அவன் விளக்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். சத்தம் கட்டின மூட்டையாகத் தட்டில் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் அதை அவிழ்க்கக் கூடாதாம். அவிழ்த்தால் அதற்குத் தெரிந்தபடி இரண்டு கட்டாகக் கட்டி அனுப்பிவிடும். அவிழ்க்காமல் அப்படியே கொடுத்தால் ரிசீவர் அவிழ்த்து, எது எந்தப் பெட்டிக்கோ அதற்குச் சரியாகப் பிரித்துவிடும். அவன் சொல்லி முடிக்கவில்லை, "மூடின பைன்னு சொல்லு. இடையில உள்ள ஆபீஸ்காரன் அதைத் தொடவே கூடாது. அடுத்த வண்டியில ஏத்தி விடணும், அவ்வளவுதான்" என்றீர்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நீங்கள் பேசிய நீளமான வாக்கியம் அது. நானும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவன் போட்டது ஏதோ இங்கிலீஷ் படம். அதில் ஒரு ரயில் வந்தது. சத்தம் முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் வருவது போலத் தொடங்கி, தலைக்கு மேலே ஏறி, முன்னால் போயிற்று. நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். கால் இரண்டையும் அகட்டி, ஆடுகிற வண்டியில் நிற்பது போல நின்றீர்கள். கையை நீட்டி என்னைத் தள்ளினீர்கள்.

"ஏட்டி, ஒதுங்கு. பையை உள்ள எறிவான், மேல பட்டுரும்."

அன்றிலிருந்து மூன்று வேளையும் கூடத்திலேயே சாப்பிட்டீர்கள். கோவில்பட்டியில் எறிகிற பை எப்படி விழும், சாத்தூரில் எப்படி விழும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். கேட்டுக் கேட்டுப் புளித்த கதைதான். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது மாதிரி இருந்தது.

மகன் ஊருக்குப் போகும் முன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். சீவலப்பேரிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும், படித்த வரைக்கும் நான் பின்தங்கியதில்லை. இங்கிலீஷ் பெரிய எழுத்து முழுவதும் தெரியும், கல்யாணமான புதிதில் தபால் பை லேபிள்களைக் காட்டி நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். சேர்த்து வாசிக்க வராது, அவ்வளவே. மௌஸைப் பிடித்து நகர்த்தி, தட்டை வைத்து, படத்தை ஓட விட்டுக் காட்டினேன். இந்தத் தெருவில் அதைச் செய்யத் தெரிந்த ஆச்சி நான் ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன வெட்கம்?

அவன் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நானே கம்ப்யூட்டரைத் திறந்து படத்தைப் போட்டேன். நீங்கள் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். ரயில் வரும் இடம் வந்தது. சத்தம் முன்னால் மட்டும் கேட்டது. பின்னால் இருந்த இரண்டும் ஊமையாக இருந்தன. காத்திருந்து பார்த்துவிட்டு, "வண்டி வரலையேட்டி" என்று சொல்லி எழுந்தீர்கள். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டீர்கள்.

அந்த வண்டியை எப்படியாவது கொண்டுவந்தாக வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. பெருக்கும்போது விளக்குமாறு பட்டு ஒயர் கழன்றிருக்குமோ என்று பார்த்தேன், கழலவில்லை. பல்பு எரியாவிட்டால் பக்கத்து ஹோல்டரில் மாட்டிப் பார்ப்போமே, அது போலப் பின்பெட்டியைக் கழற்றி முன்பெட்டி இருந்த இடத்தில் மாட்டினேன். கணீரென்று பாடிற்று. பெட்டியில் குறையில்லை. டவுனில் ரேடியோ கடை வைத்திருந்த அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, பின்னால உள்ளது சும்மா அழகுக்கு வைக்கது. இதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கிடுதியளே" என்றார்.

"அழகுக்குன்னா நான் குத்துவிளக்கை வச்சிருக்க மாட்டேனா? பெட்டியை எதுக்கு வைக்கப் போறேன்?" என்றேன். உள்ளறையிலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அடுத்து மகன் போன் செய்தபோது சொன்னேன். "ரிசீவர் முகத்துல சின்ன ஜன்னல் மாதிரி இருக்குல்லாம்மா, அதுல என்ன எழுத்து எரியுது?" என்று கேட்டான். நான் போய்ப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வந்து சொன்னேன். பி, சி, எம். "அது வரக் கூடாதும்மா. ரெண்டு டி, வயிறும் வயிறும் ஒட்டி நிக்கும், அதுதான் எரியணும். இப்ப கம்ப்யூட்டரே மூட்டையை அவுத்துருது. ஆனா அவுக்காதேன்னுதான் நான் செட் பண்ணி வச்சேன். அது தானா மாறாதே" என்றான். அவனுக்கும் விளங்கவில்லை. போன் பில்லை நினைத்து நான் வைத்துவிட்டேன்.

திரும்பினால் நீங்கள் நிலைப்படியில் நின்றீர்கள்.

"அங்கன எந்த ஸ்டேஷன்ல பை அவிழுதுன்னு பாக்கணும்ட்டி. தப்புப் போன பையை அப்படித்தான் பிடிப்போம். புறப்பட்ட இடத்துல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு வா. ஒண்ணையும் விடாதே."

கம்ப்யூட்டருக்கு முன்னால் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தீர்கள். எனக்குக் கண் இருந்தது, இங்கிலீஷ் இல்லை. உங்களுக்கு இங்கிலீஷ் இருந்தது, கண் இல்லை. தெரியாத சின்ன எழுத்து வந்தால் உங்கள் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினேன். நீங்கள் வாய்க்குள் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து வார்த்தையாக்கினீர்கள். கல்யாணத்தில் கைப்பிடித்த பிறகு பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் உங்கள் கையைப் பிடித்திருந்தது அன்றுதான்.

"முதல்ல என்ன செய்யுத?"

"சுவிட்சைப் போடுதேன். மேகம் மாதிரிப் படம் வரும்."

"பிறகு?"

"ஒரு கட்டம் வந்து நிக்கும்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

உள்ளங்கையை நீட்டியபடியே இருந்தீர்கள். என் விரல் அசையவில்லை.

"என்னட்டி, எழுத்து தெரியலையா?"

"தெரியுது. வாசல்ல பலகையில இருக்கதுதான்."

"என் பேரா?"

"ஆமா. மேல அது இருக்கு. கீழயும் அதையே அடிக்கணும்னான். நான் எப்படி அடிப்பேன்? வாயால சொல்லுததும் கையால எழுதுததும் ஒண்ணுதானே?"

"அப்போ அந்தக் கட்டத்தை என்னதான் செய்யுத?"

"பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு. அதை அமுக்கினா கட்டம் போயிரும், கதவு திறந்துரும்."

நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வழிகிற வரைக்கும் சிரித்தீர்கள். "ஏட்டி, அது நாங்க தபால் பிரிச்சுப் போடுத, பேர் எழுதின அறைப் பெட்டி மாதிரில்லா! அவன் செட் பண்ணின எல்லாத்தையும் என் பேர் போட்ட அறையில வச்சுட்டுப் போயிருக்கான். நீ பேரே இல்லாத அறையைத் திறந்து வச்சுக்கிட்டு, வண்டி வரல, வண்டி வரலங்கே!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பேரை அடிக்க மாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். நீங்களும் வற்புறுத்தவில்லை. "நான் ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுதேன். நீ பேரை அடிக்கண்டாம், எழுத்தை அடி" என்றீர்கள். நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பைய அமுக்குவேன். பேர் திரையில் விழப்போகிறதே என்று பயந்து பயந்துதான் அமுக்கினேன். விழவில்லை. எழுத்து விழ வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நட்சத்திரம்தான் விழுந்தது. அதைச் சொன்னபோது நீங்கள் அடைந்த சந்தோஷம்!

"பாத்தியா, அதுவும் உன்ன மாதிரிதான். என் பேரைச் சொல்ல மாட்டேங்குது."

கதவு திறந்தது. தட்டைப் போட்டேன். ரிசீவரின் ஜன்னலில் இரண்டு எழுத்து வயிறும் வயிறும் ஒட்டி நின்று எரிந்தன. நீங்கள் நாற்காலிக்குப் போய்ச் சேருவதற்குள் பின்சுவரில் ரயில் கிளம்பிவிட்டது. நடுக் கூடத்தில் அப்படியே நின்றீர்கள். "ஏட்டி, ஒதுங்கு!" நான் ஒதுங்கினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்த காலம் முழுக்க அது நம் மத்தியான வேலையாக இருந்தது. சாப்பாடு, ஒரு சின்னத் தூக்கம், பிறகு எழுத்து. நாளாவட்டத்தில் நீங்கள் சொல்லாமலே என் விரலுக்கு வரிசை தெரிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் சொல்லும் வரை காத்திருப்பேன். உங்கள் குரலில் உங்கள் பேர் துண்டு துண்டாக வருவதைக் கேட்க எனக்கு ஆசை. அதை உங்களிடம் சொன்னதில்லை. தெரிந்திருக்கும்.

கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சமும் போன பிறகு நீங்கள் உள்ளறைக்குப் போய் உட்காரவில்லை. கூடத்திலேயே இருந்தீர்கள், கடைசி வரைக்கும்.

இன்று மகன் பழைய கம்ப்யூட்டரையும் துடைத்து, அந்த மஞ்சள் முனை ஒயரை மாட்டினான். கட்டம் வந்தது. "ஞாபகம் இருக்காம்மா? இதை எடுத்துரவா? பேரே கேக்காத மாதிரிப் பண்ணிரலாம்" என்றான்.

"இருக்கட்டும்லே. நீ தள்ளு" என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் கொஞ்சம் நிறுத்தினேன், நீங்கள் சொல்ல எடுக்கும் நேரம் அளவுக்கு. நட்சத்திரங்கள் வரிசையாக விழுந்தன. அந்த இரண்டு எழுத்தும் எரிந்தன. பழைய சாமான்காரர் பேச்சை மகன் பிறகு எடுக்கவில்லை.

உங்கள் நாற்காலியில் நான் உட்காரவில்லை. அதன் பக்கத்தில், நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன். பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்தில் ரயில் கிளம்பியது. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. யாரும் சொல்லவில்லை, நான் ஒதுங்கினேன்.