ஏழாவது பவளத்தின் பெயர்

அன்புள்ள மாப்பிள்ளை ஜோசப்,

ஒரே பத்திரிகையில் நீ படம் எடுத்தாய், நான் செய்தி எழுதினேன். படத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்காமலே வந்துவிடுவாய். "மச்சான், நீ கேட்டுக்கோ" என்பாய். ஒரு பெயருக்காக ஊருக்கு வெளியே ஆனேக்கல் வரை பஸ்ஸில் திரும்பப் போயிருக்கிறேன்.

அல்சூர் வீட்டில் நீ வளர்த்த கடல்நீர்த் தொட்டியிலும் அதையே செய்திருக்கிறாய். உன் நோட்டில் ஆறு பவள உயிர்களுக்கு இனப் பெயர் இருக்கிறது. ஏழாவதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி.

நீ கண்ணை மூடிய பிறகு அந்த ஏழாவதைப் பச்சைப் பாசி மூடிவிட்டது. வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் போனில் படம் காட்டினேன். "இது இறகுப்பாசி சார், மருந்து ஊத்துங்க. பவளம் செத்துப்போச்சு. கல்லோட தூக்கிப் போட்டுடுங்க" என்றார். ஊற்றினேன். இரண்டு வாரம் ஆகியும் பாசி குறையவில்லை. கல்லை எடுக்கத் தொட்டிக்குள் கையை விட்டபோது ஸ்டெல்லா வந்து நின்றாள்.

"ஏண்ணா, ஒரே ஆள் சொன்னா பேப்பர்ல போட மாட்டே. என் வீட்டுக்காரர் வளர்த்ததை மட்டும் தூக்கிப் போட்டுடுவியா?"

கையை எடுத்துவிட்டேன்.

நெகட்டிவ் பார்க்க நீ வைத்திருந்த லென்ஸையும் உன் அலமாரியிலிருந்த தொட்டி வளர்ப்புப் புத்தகத்தையும் எடுத்தேன். கொஞ்சம் பாசியைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். இறகுப்பாசி என்றால் ஒவ்வொரு இழைக்கும் இரு பக்கமும் கிளை இருக்க வேண்டும். இதில் இல்லை. விரலால் நசுக்கினால் கூழானது. சாதாரண முடிப்பாசிதான். கையால் பிடுங்க வேண்டும், மீன்களுக்குத் தீனியைக் குறைக்க வேண்டும் என்கிறது புத்தகம்.

நாலு நாள் பிடுங்கினேன். ஐந்தாம் நாள் காலை ஸ்டெல்லா பவளத்தின் மேல் இரையாக இறால் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அரை மணி நேரம் நின்றோம். பழுப்புத் தோலின் ஓரத்தில், கம்பு மணி அளவுகூட இல்லாத மூன்று வாய்கள் திறந்தன.

"இருக்குண்ணா" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

அது என்னவென்று உனக்கு நிஜமாகவே தெரியாதா? இல்லை, இதையும் நான் கேட்டுக்கொள்வேன் என்று விட்டுவைத்தாயா?

கடைக்காரர் இப்போது ஒரு பெயர் சொல்கிறார். அது ஒருவர் சொன்னது, நோட்டில் ஏற்றவில்லை. தினமும் காலையில் வந்து பிடுங்குவேன். முழுதாக விரிந்ததும் உன் கேமராவில் படம் எடுப்பேன். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்ன பிறகுதான் உன் கேள்விக்குறியை அடிப்பேன். பெயர் வாங்காமல் நான் திரும்பியதில்லை, மாப்பிள்ளை.

ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான் சேவியர்