புழங்கிய காசு மட்டும்

ஐப்பசி 9, ஞாயிறு

காந்திபுரத்தில் நாணயம் சேர்ப்போர் சங்கக் கூட்டம். என் நினைவு நாணயத் தொகுப்பைக் கண்காட்சியில் வைக்க மாட்டார்களாம். அரசு நாணயச்சாலை சேகரிப்போருக்கென்றே பெட்டியில் வைத்து விற்கிற நூறு ரூபாய் நாணயம் அதில் இல்லையாம். கடைத்தெருவில் புழங்காத காசை நான் சேர்ப்பதில்லை என்றேன்.

செயலாளர் சிரித்தார். “ஏனுங்க, உங்க பத்து ரூபாக் காசக்கூடத்தான் எந்தக் கடையிலயும் வாங்கறதில்லீங்க. அதையும் எடுத்துப்போடுங்க!”

ஆல்பத்தோடு எழுந்து வந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸில், அன்னூர்ச் சந்தையில் மீதிச் சில்லறையாக வந்த அந்தப் பத்து ரூபாய் நாணயத்தையே ஆல்பத்திலிருந்து உருவி டிக்கெட்டுக்கு நீட்டினேன். நடத்துநர் பார்க்கக்கூட இல்லை, பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதே நாணயம் இனிமேல் கிடைப்பது கஷ்டம். கிடைக்காமல் போகட்டும். அடுத்த கண்காட்சிக்கும் அந்தக் காலி இடத்தோடுதான் போவேன். செயலாளர் கேட்கட்டும், “செலவாகிப்போச்சுங்க” என்பேன்.