மஞ்சளாய்த் தெரிந்த சுவர்

4 ஜூன்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். பதறாதே, உன் அப்பா பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

ஒரு வாரமாகவே மாமாவுக்கு வாந்தி, தலைசுற்றல். ஞாயிற்றுக்கிழமை விழுந்துவிட்டார். நாடி நாற்பதைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, "எவன்டா இதுக்கு மஞ்சள் அடிச்சான்?" என்று ஒரே சண்டை. காலமெல்லாம் பெயிண்டராக இருந்தவர் வெள்ளையை மஞ்சள் என்கிறார்!

இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து ரத்தத்தில் இருக்கிறதாம். மாமா அந்த மாத்திரையைத் தொட்டதே இல்லை. ஆனால் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் அதை எடுத்துக் கொடுக்கிறவள் நான்தான். டாக்டர் சொன்னதும் உன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து நான் போடும் டீயைக் குடிப்பதில்லை. நீயாவது என்னை நம்பு.

அன்புடன்,
அண்ணி

9 ஜூன்

அண்ணிக்கு,

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சர்க்கரை வியாதி என்று சீனி டப்பாவைப் பூட்டி வைத்தீர்கள். அதற்காக அப்பா உங்களைத் திட்டாத நாளில்லை. ஆத்திரத்தில் ஏதாவது செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்த மருந்து எங்கிருந்து வந்தது? நீங்கள் கொடுக்கும் எதையும் அப்பா வாயில் வைக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே அப்பா.

இப்படிக்கு,
அவர் மகள்

15 ஜூன்

நாத்தனாருக்கு,

மாமா நேற்று எழுந்து உட்கார்ந்தார். துடிப்பு சீராகிவிட்டது. சுவரும் வெள்ளையாகிவிட்டதாம். டீ வந்ததும், "கலக்க ஒரு குச்சி ஒடிச்சுட்டு வாம்மா" என்றார்.

"ஸ்பூன் இருக்கே மாமா?"

"பெயிண்டையே குச்சியாலதான் கலக்கினேன். டீக்கு எதுக்கு ஸ்பூன்?"

எனக்குப் பொறி தட்டியது. "வீட்டுல எந்தக் குச்சி மாமா?" என்றேன். திருட்டு முழி முழித்தார். வீட்டில் கட்டிலுக்கடியில் சீனியை ஒளித்து வைத்திருக்கிறார் மனிதர். நான் வேலைக்குப் போனதும் அதை டீயில் கொட்டி, கொல்லை வேலியில் பச்சைக் குச்சி ஒடித்துத் தோலை உரித்துக் கலக்கிக் குடித்திருக்கிறார். வேலி முழுக்க அரளி!

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அரளியின் விஷமும் அந்த மாத்திரை மாதிரியே இதயத்தை மெதுவாக்கி, கடைசியில் நிறுத்தியே விடுமாம். ரத்தப் பரிசோதனைக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியுமாம். கண்ணில் மஞ்சள் தெரிந்ததும் அதனால்தானாம். விதைதான் விஷம் என்று நினைத்திருந்தேன். இலை, தண்டு, பூ எல்லாமே விஷமாம்.

உன் அண்ணன் வேலியை வெட்டித் தள்ளிவிட்டு, "ஒரு டீ போடேன்" என்று சமையலறை வாசலில் வந்து நின்றார். போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நீ வருகிறாயாம். வா, உன் வீடுதான். வந்ததும் உனக்கும் டீ தருவேன். நீ முதல் வாய் குடிக்கும்வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணி