அரைப்பேருக்குப் போன பாதி வீடு

உன் வீட்டில் பாதியை உன் புருஷன் திருடிவிட்டான். சட்டம் அவனுக்கு விளக்குப் பிடித்தது. இன்று முற்பகல், பதுளை நீதிமன்றத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. பட்டப்பகலில், கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே நடந்ததால் யாரும் அதைத் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

தீர்ப்பு வாசித்து முடித்ததும் ஆவண அறைக்குப் போய் உன் வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கினேன். மேன்முறையீட்டுக்குக் குறிப்பு எடுக்க வேண்டியிருந்தது. நீ எழுதி வைத்த உயில், கோர்ட்டு மொழியில் மரண சாதனம், அதில் இருக்கிறது. ஒரேயொரு ஃபுல்ஸ்கேப் தாள். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கறை. தாளைப் புரட்டியபோது தைல வாசம் அடித்தது. கடைசி நாட்களில் நெற்றியிலும் வயிற்றிலும் ஓயாமல் பூசிக்கொண்டிருந்தாயாமே, அந்தப் பச்சைத் தைலம். பூசிய விரலோடு பேனாவைப் பிடித்திருக்கிறாய். இவ்வளவு காலம் ஒரு வாசம் தாளில் நிற்குமா, எனக்கு மட்டும்தான் அடித்ததா, தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதியதைப் பார்த்த எழுத்தர், "மிஸ்ஸுக்குத் தடிமனா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். உன் அப்பா குடித்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் யாரும் தூங்கமாட்டோம். என் அப்பா குடித்துவிட்டு வந்தால் உங்கள் வீட்டில் யாரும் தூங்கமாட்டீர்கள். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. சாதாரண தரப் பரீட்சையில் நீ கணக்கில் கோட்டை விட்டாய், நான் தப்பித்தேன். நமக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் கொழும்புக்குப் படிக்கப் போனேன், நீ குவைத்துக்குப் பாத்திரம் கழுவப் போனாய். என்னைத் திறமைசாலி என்று இங்கே யாராவது சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நீ போனபோது உன் மகள் திவ்யாவுக்குப் பால் பல் விழவில்லை. உன் தங்கச்சி செல்வி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தவள்தான், அதற்குப் பிறகு இறக்கி வைக்கவே இல்லை. தனக்கு வந்த வரன்களையும் அந்தப் பிள்ளைக்காகவே தட்டிக் கழித்தாள். உன் புருஷன் வெலிமடைக்கு லீக்ஸ் லொறியில் வேலைக்குப் போனான். போன இடத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தத் தொடங்கினான். பிள்ளைக்கு ஒரு சட்டைகூட அவன் அனுப்பியதில்லை.

ஒரு முறை நீ லீவில் வந்திருந்தபோது அவனை விவாகரத்துச் செய்துவிடு என்று சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாய்.

"நான் வர்றது ரெண்டு மாசம்டி. அதுக்குள்ள கோட்டுல ஒரு தவணை வரும். அடுத்த தவணைக்கு நான் குவைத்துல இருப்பேன். வராதவ கேஸைத் தள்ளிருவாங்க. திரும்ப வந்து திரும்பப் போடணும். அதுக்கு அவன் செத்துப் போற வரைக்கும் காத்திருந்தா செலவு மிச்சம்."

நீ முந்திக்கொண்டாய்.

அந்த லீவில்தான் ரோட்டோரத்தில் காணி வாங்கினாய். பத்து பேர்ச். மழை பெய்தால் மேல் மண் முழுக்க வழிந்து வாசலுக்கு வரும் சரிவு. அதில் இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. நொத்தாரிசு முத்திரை குத்திய காணி உறுதிப் பத்திரத்தை உன் பேருக்கு வாங்கிக்கொண்டு வந்த அன்று லயமே உன் வாசலில் நின்றது. யாரையும் தொடவிடாமல், கைக்குழந்தையைக் காட்டுவதுபோலத் தூரத்தில் பிடித்துக் காட்டினாய். "எங்க அப்பன் பாட்டன் எல்லாம் தோட்டத்துக் கூரைக்குக் கீழதான் செத்தாங்க. நான் என் சொந்தக் கூரைக்குக் கீழ சாவேன்" என்றாய். லயத்து ராசம்மா பெரியம்மா உன் தலையில் குட்டினாள். "உறுதி கைக்கு வந்த அன்னைக்கே சாவைப் பத்திப் பேசுறாளே, வாயைப் பாரு இவளுக்கு!" எல்லோரும் சிரித்தோம்.

நீ சொன்னபடியே செத்தாய். அதுவும் இவ்வளவு சீக்கிரம். குவைத்திலிருந்து நோயோடு திரும்பியவளைப் பதுளை ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அப்போது சட்டக் கல்லூரியில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லக்கூடாது என்று எல்லோர் வாயையும் நீ கட்டிவைத்திருந்தாய். "அவ பரீட்சை எழுதட்டும். பாஸ் பண்ணி வந்து என் கேஸைப் பேசட்டும்" என்று செல்வியிடம் சொன்னாயாம். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாய்.

வீட்டைச் செல்வி பேருக்கு எழுத வேண்டும் என்பதில் நீ தெளிவாக இருந்தாய். உயில் எதுவும் இல்லாமல் நீ போனால் பாதி புருஷனுக்கு, பாதி பிள்ளைக்கு. பிள்ளையின் பாதிக்கும் அப்பன் என்று அவன்தான் வந்து நிற்பான். இதைப் புரிந்துகொள்ள உனக்குச் சட்டம் படிக்கத் தேவைப்படவில்லை, அவனோடு வாழ்ந்ததே போதுமாக இருந்தது. செல்வி டவுனில் உயில் எழுதி உறுதிப்படுத்தும் ஒரு நொத்தாரிசிடம் போனாள். ஆளைக் கூட்டி வரச் சொன்னார். எழுந்து உட்கார முடியாதவள் என்றாள். அவ்வளவு தூரம் வந்து போகத் தனக்கு நேரமில்லை என்றார்.

நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டருக்கு அது தெரிந்திருந்தது. அவரே வந்து உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்ல அழகான கையெழுத்தில் எழுதினார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேலை நாளில் ஐந்து பேரை எங்கே போய்ப் பிடிப்பது? உனக்கோ ஞாயிற்றுக்கிழமை வரை தாங்காது என்ற பயம்.

செய்தி கொழுந்து பறிக்கும் மலைக்குப் போனது. லயத்து ஆட்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போனாலும், சாவு வீட்டுக்கு விறகு வெட்டப் போனாலும், வேலை நாளில் ஒரே நேரத்தில் கிளம்பமாட்டார்கள். முறை வைத்துத்தான் போவார்கள். ஒருத்தி போய்த் திரும்பும்வரை மற்றவள் அவளுடைய நிரையையும் சேர்த்துப் பறிப்பாள். மாஸ்டர் முதல் கையெழுத்து. பிறகு ஒவ்வொருவராக வந்து, உன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அது உன் மரண சாதனத்தைச் செல்லாக்காசாக்கியது.

உன் சாவுக்கு அவன் வந்தான். எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான். கருமாதி முடிந்த கையோடு வழக்கறிஞரைப் பார்க்கப் போனான்.

நான் வழக்கறிஞராகச் சத்தியப்பிரமாணம் செய்து வந்து ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, சொத்து வழக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பனின் கடைக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிமார், பங்களாவுக்காகக் கொழும்பிலிருந்து லோயர்களை இறக்கும் மருமகன்மார். அவர்களில் ஒரு குடும்பத்துப் பெரியவர் சாகக் கிடந்தபோது, வெள்ளிக் கரண்டிகள் யாருக்கு என்பதை மாற்றி எழுதவே நொத்தாரிசு காரில் போய் வந்தார். கட்டிலைச் சுற்றிச் சாட்சிகள், சாட்சிகளுக்குக் கேக். எந்தக் குறையும் சொல்ல முடியாத சாதனம். ஐந்து பேரும் ஒன்றாக நின்றால் மோசடி நடக்காது என்பதற்காகத்தான் சட்டத்தில் அப்படி எழுதினார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல காரணம்தான். எழுதியவர்கள் தங்களைப்போலச் சாகிறவர்களை மட்டும் நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

ராசம்மா பெரியம்மா சாட்சிக்கூண்டில் ஏறிய நாளை உனக்குச் சொல்ல வேண்டும். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி வந்திருந்தாள். அவனுடைய லோயர் தாளைக் காட்டி, "இந்தக் கைநாட்டு உங்களுடையதா?" என்று கேட்டார்.

"கைநாட்டு இல்லீங்க, கையெழுத்து. நான் மூணாம் வகுப்பு படிச்சவ."

"சரி, கையெழுத்து. அதை வைக்கும்போது மற்ற நாலு பேரும் அங்கே இருந்தார்களா?"

"அது எப்படிங்க இருப்பாங்க?"

"ஏன்?"

"எல்லாரும் ஒண்ணா கெளம்பிட்டா மலையில யாருங்க நிக்கிறது? கங்காணி அரைப்பேர் போட்டுருவாருல்ல? மாஸ்டரு காலையில போட்டுட்டாரு. நான் பகலைக்கு கொழுந்து நிறுத்துட்டு ஓடியாந்து போட்டேன். கடைசி ஆளு வந்தப்ப விளக்கு வச்சாச்சு."

சிங்களத்தில் சொல்ல வேண்டிய மொழிபெயர்ப்பாளர் அரைப்பேரில் தடுக்கி நின்றார். செல்வியின் தரப்பில் நின்ற நான் எழுந்து, அரைநாள் சம்பளம் மட்டும் போடுவதைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வார்கள் என்றேன். யாரோ சிரித்தார்கள். "இனிக் கேள்வி இல்லை" என்று அந்த லோயர் உட்கார்ந்தார். அவருக்கு அது போதும். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

வெளியே வந்ததும் செல்வி வெடித்தாள். "ஒரு சொல்லு மாத்திச் சொன்னா என்ன பெரியம்மா? எல்லாரும் இருந்தாங்கன்னு சொல்லிட்டுப் போனா என்ன?"

"சத்தியம் பண்ண வச்சாங்களேடி. உங்கக்காவுக்கு நான் கடைசியா செஞ்சது அந்த ஒத்தக் கையெழுத்து. அதுல போயி பொய்யக் கலக்கச் சொல்றியா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா பாப்பா?"

"இல்ல பெரியம்மா. நடந்ததைத்தான் சொன்னீங்க."

அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்கூட இல்லை. முழுநாளும் போனது. அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை அவள்மேல் வைக்கவும் முடியவில்லை. அந்த வெள்ளிக் கரண்டி வீட்டுச் சாட்சிகள் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல் பிசகாமல் ஒப்பித்ததை நான் கேட்டிருக்கிறேன். அவனுடைய லோயர் காண்டீனில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "தொழில்தானே தங்கச்சி, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

இன்று நீதிபதி சொன்னது நியாயமான குரலில்தான் இருந்தது. இறந்தவரின் விருப்பம் எதுவென்பதில் மன்றத்துக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் சட்டம் கேட்கும் முறையில் அது எழுதப்படவில்லை என்றார். உன் விருப்பம் தெரிகிறது. தெரிந்தும் பயனில்லை. அடுத்து அவன் பிரிவினை வழக்குப் போடுவான். இரண்டு அறை வீட்டை வெட்டிப் பிரிக்க முடியாது என்று ஏலத்தில் விடுவார்கள். மேன்முறையீட்டில் பெரிதாக எதுவும் இல்லை என்று என் சீனியர் இப்போதே சொல்லிவிட்டார். செல்வி லயத்தை விட்டு வந்தவள். அவர்கள் இருந்த காம்பராவில் இப்போது வேறு குடும்பம்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தோட்டங்களுக்குப் போகிறேன். யாராவது எதையாவது எழுதி வைக்க நினைத்தால் ஐந்து பேரையும் ஒரே அறைக்குள் கூட்டி, கதவைச் சாத்தி, கடைசி ஆள் கையெழுத்து வைக்கும்வரை யாரையும் வெளியே விடமாட்டேன். மூத்திரம் போக வேண்டும் என்றாலும் விடமாட்டேன். "இந்தப் பாப்பா பொலிஸ்காரியா, லோயரா?" என்று கேலி செய்கிறார்கள். ஒரு தோடு, ஒரு பசு, சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாபக் காசு. அதற்குமேல் எழுதி வைக்க என்ன இருக்கிறது அவர்களிடம்? காம்பரா கம்பெனிக்குச் சொந்தம், நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். நம்மில் நூற்றில் ஒருத்தி நீ. சொந்தமாக ஓர் உறுதி வைத்திருந்தாய். அதையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆவண அறையிலிருந்து நான் இறங்கி வந்தபோது அவன் வாசலில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான். செல்வியும் திவ்யாவும் எதிர்ப்புறம் மதிலோரம் நின்றார்கள். பிள்ளை உன் சாடை. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் நேராக அவனிடம் போனேன். லோயராக அல்ல, பக்கத்துக் காம்பராக்காரியாகத்தான் போனேன்.

"அண்ணே, சட்டப்படி பாதி உங்களுக்கு வந்திருச்சு. நான் அதைக் கேக்கல. இந்தப் பிள்ளை படிச்சு முடிக்கிற வரைக்கும் வீட்டை விக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

ஆட்டோ வந்து நின்றது. அவன் ஏறி உட்கார்ந்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பிள்ளைதானே அண்ணே? ஒரு வரி. எழுதிக் குடுங்க."