இறக்காத சக்கரங்கள்

6 அக்டோபர் 2025, ஜமுனாமரத்தூர்

மழை. பள்ளியிலிருந்து கல்பனா வரும்வரை பேச ஆளில்லை. வந்த பிறகும் பெரிதாக இல்லை. அவள் இங்கே தலைமையாசிரியை. இந்த வாடகை வீடு அவள் பிடித்தது. நான் விடுப்புக்கு வந்து போகிற கணவன். இப்போது பத்து நாளாகப் போகாமல் இருக்கிறேன்.

வீட்டுக்காரர் ஜீவானந்தம் சாமைக் கொல்லைக்குப் போகிற வழியில் நின்றார். "இன்னா சார், ஏரோப்ளேன் இன்னும் ரிப்பேரா?"

கல்பனா அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். ஆமாம் என்றேன்.

"எங்க மினி பஸ்ஸையே ரெண்டு நாள்ல ரெடி பண்ணிடுவானுங்களே!"

செப்டம்பர் 24. பயிற்சிப் பள்ளியின் இரட்டை இன்ஜின் விமானம் சக்கரங்களை இறக்காமலே வயிற்றால் ஓடுபாதையில் தேய்ந்து நின்றது. இரண்டு புரொப்பெல்லரும் வளைந்துவிட்டன. யாருக்கும் காயமில்லை. வலது இருக்கையில் பயிற்றுநர், அதாவது நான். இடது இருக்கையில் மாணவி கௌசர், வாணியம்பாடிப் பெண், இருபத்திரண்டு வயது. விசாரணை முடியும்வரை இருவரும் பறக்கக் கூடாது.

9 அக்டோபர்

ரஞ்சித் பேசினான். எனக்கு ஒன்பது வருடம் பின்னால் வந்தவன், இன்று தலைமைப் பயிற்றுநர். அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. சிக்னலுக்காக மாடிப்படியில் நின்றுகொண்டு அவனுக்கு 'சரி, சரி' போட்டேன்.

"உங்க ஸ்டேட்மென்ட் கிளியரா இருக்கு சார். அதுலயே நில்லுங்க. ஸ்டூடண்ட் தப்புன்னு முடிஞ்சா உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும்."

என் வாக்குமூலம் இது: சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் மூன்று பச்சை விளக்கு எரியும், மூன்றும் எரிவதாக மாணவி சொன்னார், நான் நம்பினேன்.

அந்தச் சிறிய விமானத்தில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி கிடையாது.

ஐம்பத்தொரு வயதில் வெளியே தள்ளினால் என்னை யார் எடுப்பார்கள்? அவளுக்கு வயது இருக்கிறது.

10 அக்டோபர்

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். உண்மைதானே?

15 அக்டோபர்

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா?" கல்பனா கேட்டாள்.

"எதையும் மறுக்கலை."

"மறுக்கலையா, ஒத்துக்கிட்டாளா?"

வாத்தியார் புத்தி. வீட்டிலும் விடைத்தாள் திருத்துகிறாள்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. பண்டிகைக் கூட்டத்தில் ஆலங்காயம் வழியாக நின்றுகொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார் கௌசரின் அப்பா முகமது. தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கையில் இனிப்புப் பெட்டி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"மாப் பண்ணுங்க சார். எங்க பொண்ணால உங்க வேலைக்கே ஆபத்துன்னாங்க. மனசு கேக்கல, வந்துட்டேன்."

"உட்காருங்க பாய்."

"அவளுக்கு நடந்தது எதுவுமே சரியா ஞாபகம் இல்ல சார். லைட்ட பாத்தியாம்மான்னா, பாத்த மாரி இல்லப்பாங்கறா. அப்பறம் அவளே சொல்றா, 'சார் பொய் சொல்ல மாட்டாரு. சார் சொன்னா நான்தான் சொல்லியிருப்பேன்'னு. இனிமே பறக்கவே வேணாமாம். யூனிபார்ம தங்கச்சிகிட்ட குடுத்துட்டா, ஸ்கூல் டிராமாவுக்கு வச்சிக்கன்னு."

சிரித்தார். சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லைங்க பாய், சின்னப் பொண்ணு." அதுதான் சொன்னேன்.

மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். படியில் நின்றபடி, "நல்ல மனுசன் சார் நீங்க" என்றார். நான் கையசைத்தேன். கையை வேறு அசைத்தேன்!

20 அக்டோபர்

முகமது கொண்டுவந்த இனிப்பைக் கல்பனா தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன்.

22 அக்டோபர்

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.

முதல் முறை இறங்க வந்தபோது சக்கரங்கள் கீழேதான் இருந்தன. ஓடுபாதையில் நாய்கள். மறுபடி மேலே ஏறி, சக்கரங்களை மடக்கி, இன்னொரு சுற்று வந்தோம். ஏறும்போது கௌசர் கொஞ்சம் திசை விலகினாள். எல்லா மாணவர்களும் விலகுவார்கள். ஆனால் அன்று காலையில் மாணவர்கள் முன்னால் ரஞ்சித் என்னைப் பார்த்து, "கொஞ்சம் ஸ்லோ ஆயிட்டீங்க சார்" என்று சொல்லியிருந்தான். அவனிடம் காட்ட முடியாததை அவளிடம் காட்டினேன். சுற்று முழுக்கக் கத்தினேன். சக்கரம் இறக்க வேண்டிய இடம் அந்தக் கத்தலிலேயே கடந்து போனது. வேகத்தைக் குறைத்ததும் எச்சரிக்கை ஹாரன் அடித்தது. அதற்கும் மேலே கத்தினேன்.

"சார், கியர்—" என்றாள்.

"நான் பேசறப்ப குறுக்க பேசாத!"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

'மூன்று பச்சை' என்று சொன்னது யார்? நான்தான். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சொல்கிற வார்த்தை, விளக்கைப் பார்க்காமலே வாயில் வந்துவிட்டது. சாயங்காலம் வாக்குமூலம் எழுதும்போது அதை எடுத்து அவள் வாயில் வைத்தேன். ரஞ்சித் வைக்கச் சொன்னான் — இல்லை. "ஸ்டூடண்ட் ஏதாவது சொன்னாங்களா சார்?" என்றுதான் கேட்டான். மிச்சத்த நானேதான பண்ணேன். எவனும் என் கையப் புடிச்சி எழுத வைக்கலயே.

28 அக்டோபர்

கல்பனாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அந்த மனுஷன் எதிர்ல உக்காந்திருந்தாரே. அப்பக்கூட வாய் வரலையாங்க?"

"வேலை போயிடும் கல்பனா."

"போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். போனா கஷ்டம்தான். ஆனா என் ஸ்கூல்ல ஒரு வாத்தியார் இதைச் செஞ்சிருந்தா, மறுநாள் அவரை கிளாஸுக்குள்ள விடுவேனா, சொல்லுங்க."

எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு நியாயம்? ரஞ்சித் போன்றவர்களுக்கு வீட்டில் யாரும் இப்படிக் கேட்பதில்லை போலும்.

3 நவம்பர்

திருத்திய வாக்குமூலத்தை விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கௌசருக்கும் ஒரு பிரதி. இணைப்பு இரண்டு முறை அறுந்தது. இரண்டாம் முறை அறுந்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

4 நவம்பர்

ரஞ்சித்: "உங்களுக்கு என்ன பைத்தியமா சார்?"

ஒன்பது வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் மனதாரக் கேட்ட முதல் கேள்வி.

11 நவம்பர்

முகமது போன் செய்தார்.

"படிச்சேன் சார். பொண்ணுதான் படிச்சி காட்டுனா. ஒன்ற மாசமா சோறு தண்ணி சரியா இல்லாம கெடந்தா சார் அவ. நான் உங்க வூட்டுக்கு வந்து மன்னிப்பு கேட்டேன்." குரல் மாறியது. "மன்னிப்பு கேட்டேன்யா நான்! நீ அத வாங்கிக்கினு என்னை பஸ் ஏத்தி வுட்ட."

"தப்புதான் பாய்."

"பாய்னு கூப்புடாத."

வைத்துவிட்டார். படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜீவானந்தம் சாமை மூட்டையோடு வந்தவர், என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

26 நவம்பர்

உத்தரவு வந்துவிட்டது. பள்ளியிலிருந்து நீக்கம். பயிற்றுநர் உரிமம் ஒரு வருடம் ரத்து. கௌசர் மேல் குற்றமில்லை; பயிற்சியைத் தொடரலாம்.

மாணவர்கள் பயமில்லாமல் வாய் திறந்து பேச வேண்டும் என்று ரஞ்சித் பள்ளியில் கூட்டம் போட்டுப் பேசினானாம். கைதட்டினார்களாம். அவனுக்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. எழுதி அனுப்பியதற்காக வருந்தவில்லை. இதற்காகத்தான் வயிறு எரிகிறது.

14 டிசம்பர்

கௌசரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தியில் இரண்டு நீல டிக். பதில் இல்லை. மறுபடி பறக்கத் தொடங்கிவிட்டாளா என்று யாரிடம் கேட்பது? கேட்கும் உரிமை எனக்கு உண்டா?

8 ஜனவரி 2026

வேறு ஊரில் ஒரு பயிற்சி நிறுவனம், வகுப்பறையில் மட்டும் பாடம் நடத்த ஆள் தேடுகிறது. பறக்கிற வேலை இல்லை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'விபத்து ஏதேனும் உண்டா? காரணம் என்ன?' அதற்கு நாலு விரல் உயரத்துக்கு ஒரு கட்டம்.

எழுதினேன்: 'உண்டு. மாணவி எச்சரித்தார். நான் அவரைப் பேச விடவில்லை.'

கட்டத்தில் இடம் நிறைய மிச்சம். நாய்கள், ஹாரன், ரஞ்சித், அந்தக் காலை — எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதினால் சரியாக நிரம்பும். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"மணி எட்டரை. நான் பஜார் வழியாத்தான் போறேன். போஸ்ட் பண்றதா இருந்தா குடுங்க" என்றாள் கல்பனா வாசலிலிருந்து.

அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டேன்.