காயாத எண்ணெய்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து ஆளி விதை எண்ணெய் வாடை போகவில்லை. காலை மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு விரல்களை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அலுப்பாக இருக்கிறதடா. நீ போன பிறகு எதைச் செய்தாலும் அரை மனதுதான். உன் துப்பாக்கி வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அது நேற்று முடிந்தது.

இந்த நாட்டுக்கு வந்து ரிச்சர்ட்சன் ஊர் ஆபீஸில் பதினான்கு வருஷம் நீ கோட் எழுதினாய், நான் அதில் குறை கண்டுபிடித்தேன். சம்பளமே அதற்குத்தான் என்பதால் நமக்குள் சண்டை வந்ததில்லை. ஃபிரிஸ்கோவுக்கு வெளியே ஒரு மைதானத்தில் பழங்கால உடுப்போடு சிலர் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்ததை ஒரு சனிக்கிழமை வேடிக்கை பார்த்தோமே, அங்கேதான் உனக்குப் பைத்தியம் பிடித்தது. ஒரு தாடிக்காரர் தன்னுடையதை உன் கையில் கொடுத்தார். விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறந்தது. பக்கவாட்டுக் கிண்ணத்தில் இருந்த கருமருந்து புஸ்ஸென்று எரிந்தது. அதற்குப் பிறகு சாவகாசமாகக் குண்டு கிளம்பியது. திரும்பி வரும்போது காரில் சொன்னாய்: “மச்சான், இதுல அப்டேட்டே வராதுடா. ஒண்ணு நானே பண்ணப்போறேன்.”

பண்ணினாய். உள்ளே வரி எதுவும் இல்லாத வழுவழுப்பான குழல் ஒன்று, கல்லும் கிண்ணமும் சேர்ந்த பொறி தட்டும் லாக் ஒன்று, ஒரு மேப்பிள் கட்டை, எல்லாம் பார்சலில் வந்தன. உன் கை நீளம், தோள், கழுத்து எல்லாவற்றையும் டேப் வைத்து நான் அளந்தேன். ஜூலை வெயிலிலும் கராஜ் கதவை மூடி வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பாய். திற என்றால், “இந்த முஸ்லிம் பேரை வச்சுக்கிட்டு கராஜ்ல துப்பாக்கி செஞ்சா பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?” என்று சிரிப்பாய். நான் சிரித்ததில்லை. இரண்டு பேரும் பனியனோடு வேர்வையில் நனைந்துகொண்டு உளியால் மரத்தைச் செதுக்குவோம். குழல் உட்காரும் பள்ளத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் நான் விடமாட்டேன். “இங்கயும் டெஸ்டிங்கா?” என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

அமிலம் பூசிச் சூடு காட்டியபோது மரம் முதலில் பச்சையாகி, பிறகு செம்பழுப்பாக மாறியது. அந்த வாரம்தான் புற்றுநோய் டாக்டர் உனக்கு இன்னும் எத்தனை மாதம் என்று பேச ஆரம்பித்தார்.

அப்புறம் உனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அதைச் சுட வேண்டும். மீதி இருந்தது மரத்துக்கு எண்ணெய்ப் பூச்சு. வழக்கமாக அதற்கு ஆளி விதை எண்ணெய்தான். ஆனால் கீமோவுக்குப் பிறகு ஆளி விதை எண்ணெய் வாடை பட்டாலே உனக்குக் குமட்டியது. நான் கெட்டிக்காரன் அல்லவா, சமையலறையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். “எண்ணெய்தானே, இது நம்ம வாசனை,” என்றேன். நீயும் ஆசையாகத் தேய்த்தாய். நல்லெண்ணெய் மரத்தில் லேசில் காயாது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஆறு வாரம். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. தூசியெல்லாம் அதன்மேல் படிந்தது.

“ஒட்டினா ஒட்டட்டும்டா, போய் சுட்டுட்டு வந்துடலாம்,” என்றாய். முழு வேலையும் கெட்டுவிடும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். இதையே நான்கு தடவை சொன்னேன். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றினோம்; லாக்கை நீயே கழற்றித் துணியில் சுற்றி வைத்தாய். நான் கட்டையைத் தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாளால் முதலிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பத்தாம் நாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீ திரும்பி வரவில்லை.

உன் மனைவி பாத்திமா அந்தக் கட்டையையும் குழலையும் துணியில் சுற்றிய லாக்கையும் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான் சரியான ஆளி விதை எண்ணெயை ஒரு நாளைக்கு ஒரு பூச்சாகத் தேய்த்தேன். ஒவ்வொரு பூச்சிலும் என்னையே திட்டிக்கொண்டேன். கேட்டது ஒரு தடவை சுடுவது. அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

நேற்று மாட்டுவதற்காகத் துணியைப் பிரித்து லாக்கை எடுத்தேன். கிண்ணத்தில் கரி படிந்து ஓரமெல்லாம் துரு ஏறியிருந்தது. கல்லின் விளிம்பும் சற்றுச் சிதறியிருந்தது. புது லாக்கில் கரி எப்படி வரும்? உடனே பாத்திமாவுக்கு போன் பண்ணினேன். கரியைப் பற்றிக் கேட்டேன்.

“சுட்டாங்க அண்ணே. எண்ணெய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அப்பவே. நான்தான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனேன். அந்தத் தாடிக்கார அங்கிள் மருந்து போட்டுக் குடுத்தாரு. குண்டு எங்க போச்சுன்னே தெரியல. அப்படிச் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து குழலை மட்டும் சுடுதண்ணி ஊத்திக் கழுவினாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ‘அவன் எனக்காக உயிரை விட்டு வேலை பாக்கறான், சொன்னா உடைஞ்சு போயிடுவான்’னாங்க.”

போனை வைத்துவிட்டு என் வீட்டு கராஜிலேயே அழுதேன். நீ சுட்டுவிட்டாய் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கோபமும் அதே அளவு. பத்து நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆசை தீர்ந்த பிறகும் நான் உப்புத்தாள் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். கிண்ணத்தை ஏன் துடைக்கவில்லை என்று கேட்டிருப்பேன். அதனால்தான் என்னை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

நீ சிரித்த அந்த ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. இனி என்னோடு இருக்கப்போவது அதுதான்.